கொடைக்கானல் டைம்ஷேர் வாரத்த ட்ரஸ்ட்டுக்கு குடுத்தேன், 80ஜி வரிக் கழிவு கிடைக்குமா?

மூஞ்சிக்கல்காரன்:

வணக்கம் மக்களே. வருமான வரி ரிட்டர்ன் போடற நேரத்துல ஒரு குழப்பம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. சென்னையில வேலை பாத்தப்ப ஒரு டைம்ஷேர் மெம்பர்ஷிப் வாங்கிப் போட்டேன், 25 வருஷத் திட்டம், வருஷத்துக்கு ஒரு வாரம் ரிசார்ட்ல தங்கிக்கலாம், பீக் சீசன், ஹோம் ரிசார்ட் கொடைக்கானல். அப்புறம் ரிட்டயர் ஆகி கொடைக்கானலுக்கே வந்து குடியேறியாச்சு. இப்ப வீட்டுல இருந்து ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷத்துல அந்த ரிசார்ட், சொந்த வீட்ட பூட்டிட்டு அங்க போய் தங்கலாமான்னு கேட்டா வீட்டம்மா ஒரு பார்வை பாக்கறாங்க. வேற ஊருக்கு மாத்திக்கலாம்னா மூட்டு வலி விடல. ஆனா வருஷச் சந்தா மட்டும் ஜிஎஸ்டியோட சேர்ந்து கரெக்டா போய்க்கிட்டு இருக்கு.

இந்த 2025 பிப்ரவரியில, மலைக்கு கீழ சிறப்புக் குழந்தைகளுக்கு ஸ்கூல் நடத்தற ஒரு ட்ரஸ்ட் நிதி திரட்டறதுக்காக ஒரு நிகழ்ச்சி வெச்சாங்க, அதுல ஏலம் விடறதுக்கு என்னோட கிறிஸ்துமஸ் வாரத்த குடுத்தேன். மதுரைக்காரர் ஒருத்தர் 48,000 ரூபாய்க்கு எடுத்தாரு, பணம் நேரா ட்ரஸ்ட் அக்கவுண்ட்டுக்கு போயிருச்சு, என் கைக்கு வரவே இல்ல. எனக்கு ஒரு ரசீது குடுத்தாங்க, "நன்கொடை, பொருளாக, மதிப்பு ரூ. 48,000"னு போட்டு கீழ 80ஜி (நன்கொடைக்கு வரிக் கழிவு தர்ற பிரிவு) நம்பர் எல்லாம் இருக்கு. மே கடைசியில 10பிஇ-ங்கற நன்கொடைச் சர்ட்டிபிகேட்டும் வந்துச்சு. இப்ப தான் தெரிய வருது, அதே 48,000-க்கு அந்த மதுரைக்காரருக்கும் ஒரு 80ஜி ரசீது போயிருக்கு!

நான் பழைய வரி முறையில தான் ரிட்டர்ன் போடறேன், 20% ஸ்லாப். மச்சான் ஒருத்தர் நியூஜெர்சியில இருக்காரு, அமெரிக்காவுல எல்லாரும் இப்படி டைம்ஷேர் வாரத்த குடுத்து டாக்ஸ்ல கழிச்சுக்குவாங்க மாமா, நீங்களும் போடுங்கங்கறாரு. போடலாமா வேண்டாமா? 2025 செப்டம்பர் 15 கடைசி நாள்.

ஏரிக்கரை:

ரசீது கையில இருக்கு, 10பிஇ-யும் வந்துருச்சு, அப்புறம் என்னண்ணே யோசனை, போட்டு விடுங்க. நல்லது பண்ணினதுக்கு தானே. யாரு வந்து பாக்கப் போறா.

சேரிங்கிராஸ் ஆடிட்டர்:

மேல தம்பி சொன்னத கேட்டுறாதீங்க சார். ஊட்டியில ஆபீஸ் வெச்சிருக்கேன், இந்த மலையில டைம்ஷேர், காட்டேஜ், ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்வி தான் இது, பதில் எல்லாருக்கும் ஒண்ணு தான். கிடைக்காது.

80ஜி பிரிவுக்கு அடியில விளக்கம் 5-னு ஒண்ணு இருக்கு. குடுத்தது பணமா இருந்தா தான் கழிவு, வேற எதுவா இருந்தாலும் இல்லனு ஒரே வரியில முடிச்சிருக்கான். அரிசி மூட்டை குடுத்தாலும் இல்ல, பழைய கம்ப்யூட்டர் குடுத்தாலும் இல்ல, துணிமணி குடுத்தாலும் இல்ல. 1990-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு கேஸ்ல கம்பெனி ஷேர்களை தானமா குடுத்தவருக்கே கிடைக்கல. ஷேராவது மார்க்கெட்ல விலை தெரிஞ்ச சொத்து, உங்களுது ஒரு வாரம் தங்கற உரிமை மட்டும் தான். ரூம் உங்க பேர்ல இல்ல, பத்திரமும் கிடையாது, நம்ம ஊர்ல விக்கற டைம்ஷேர்ல பெரும்பாலும் அப்படித்தான்.

அப்ப 10பிஇ எப்படி வந்துச்சுனு கேப்பீங்க. ட்ரஸ்ட்டுங்க வருஷா வருஷம் மே 31-க்குள்ள 10பிடி-னு ஒரு படிவம் ஏத்தணும், அதுல நன்கொடை எப்படி வந்துச்சுங்கற கட்டத்துல ரொக்கம், ஆன்லைன், பொருள்னு எல்லாமே இருக்கும். பொருள்னு தேர்ந்தெடுத்து தொகை போட்டா சிஸ்டம் சர்ட்டிபிகேட்ட அடிச்சுக் குடுத்துரும். அந்தக் கட்டம் இருக்கறது ட்ரஸ்ட் தனக்கு என்ன வந்துச்சுனு கணக்கு சொல்றதுக்கு. அதனால உங்களுக்கு கழிவு உண்டுனு அர்த்தம் ஆகாது. இந்த ஒரு இடத்துல தான் பாதி பேர் தடுக்கி விழறாங்க.

அடுத்தது மதுரைக்காரர். அவர் குடுத்தது பணம் தான், ஆனா பதிலுக்கு கிறிஸ்துமஸ் வாரம் கொடைக்கானல்ல ரூம் வாங்கியிருக்காரு. அந்த வாரத்துல அந்த மாதிரி ரூம் என்ன விலைக்கு போகுமோ அதுக்கு கிட்டக்க தான் குடுத்திருக்காருனா அது ரூம் வாடகை. எதையும் எதிர்பாக்காம குடுத்தா தான் நன்கொடை. அவரும் அவரோட ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

எவ்வளவு காசுக்காக இந்தத் தலைவலினு பாருங்க. இந்த மாதிரி ட்ரஸ்ட்டுக்கு 50% தான் கழிவு, அதுவும் உங்க மொத்த வருமானத்துல 10% வரம்புக்குள்ள. 48,000-ல பாதி 24,000, அதுக்கு 20% வரி, மேல 4% செஸ், ஆக 4,992 ரூபா. தப்பா காட்டினதுனு முடிவு பண்ணினா 270ஏ பிரிவுல அந்த வரிக்கு 200% வரைக்கும் அபராதம் போட முடியும், வட்டி தனி. 2025 ஜூலை 14-ம் தேதி நாடு முழுக்க 150 இடத்துல இந்த மாதிரி பொய்க் கழிவு விவகாரத்துல தான் டிபார்ட்மெண்ட் சோதனை போட்டாங்க. யாரு பாப்பாங்கறதுக்கு இப்ப ஆளே தேவையில்ல தம்பி, ஒரே தொகைக்கு ரெண்டு பேர் பேர்ல 10பிஇ இருக்கறத கம்ப்யூட்டரே பாத்துக்கும்.

இதுவே நீங்க புது முறைக்கு போனா 80ஜி-ங்கற பேச்சே கிடையாது, பணமா குடுத்தாலும்.

குன்னூர் டு எடிசன்:

நானும் நியூஜெர்சி தாங்க, சொந்த ஊர் குன்னூர், பெட்போர்ட் பக்கம். உங்க மச்சான் சொன்னது அமெரிக்காவுலயும் தப்புங்க, அவர்கிட்ட காட்டறதுக்கு வசதியா இருக்கட்டும்னு கொஞ்சம் விரிவா எழுதறேன்.

இங்க ஐஆர்எஸ், அதாவது இந்த ஊர் வருமான வரித்துறை, நன்கொடைக்குனே பப்ளிகேஷன் 526-னு ஒரு கையேடு போடுது, அதுல அச்சு அசலா உங்க கதையே உதாரணமா இருக்கு. ஒருத்தருக்கு கடற்கரையில ஒரு வீடு இருக்கு, சர்ச் ஏலத்துக்கு ஒரு வாரம் தங்கற உரிமைய குடுக்கறாரு, இன்னொருத்தர் அந்த வாரத்துக்கு என்ன வாடகையோ அதே தொகைக்கு ஏலம் எடுக்கறாரு. குடுத்தவருக்கும் கழிவு இல்ல, எடுத்தவருக்கும் இல்லனு தெளிவா போட்டிருக்கான். குடுத்தவருக்கு ஏன் இல்லனா சொத்துல உங்களுக்கு இருக்கற முழு உரிமையயும் குடுக்காம ஒரு துண்டு மட்டும் குடுத்தா கழிவு கிடையாதுனு இங்க சட்டம், 170-ம் பிரிவுல வரும். எடுத்தவருக்கு ஏன் இல்லனா குடுத்த காசுக்கு ஈடா அவருக்கு தங்க இடம் கிடைச்சிருச்சு. வாடகைய விட அதிகமா குடுத்திருந்தா அந்த அதிகத்துக்கு மட்டும் கழிவு கேக்கலாம், அவ்வளவு தான்.

இதுல இன்னொரு கூத்து இருக்குங்க. அந்த வீட்ட வருஷம் முழுக்க வாடகைக்கு விட்டு செலவக் கழிக்கறவரா இருந்தா, இப்படி ஏலத்துல போன வாரத்த அவரே சொந்தமா தங்கின நாளா கணக்கு பண்ணுவாங்க. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தலையே வெச்சுப் படுத்திருக்க மாட்டாரு, இருந்தாலும் அவர் கணக்குல தான் ஏறும். சொந்த நாள் கூடக் கூட வாடகைச் செலவுல கழிக்கறது குறையும். நல்லது பண்ணப் போய் கைக்காசு போற கதை.

டைம்ஷேரையே மொத்தமா எழுதிக் குடுத்தா? பத்திரம் போட்ட டைம்ஷேரா இருந்தா சந்தை விலைக்கு கழிவு கேக்கலாம், 500 டாலருக்கு மேல போனா 8283-னு ஒரு பாரம், 5,000-க்கு மேலனா தகுதியான ஆள வெச்சு மதிப்பீடு. ஆனா சந்தை விலைனு ஒண்ணு இருக்கணுமே! வாங்கறப்ப 20,000 டாலர் குடுத்தது, திரும்ப விக்கப் போனா ஒரு டாலருக்கு கூட கேக்க ஆள் இல்ல, ஏன்னா கூடவே மெயின்டனன்ஸ் பில்லும் வருதே, அத யாரு தலையில கட்டிக்குவா. அதனால நிறைய ட்ரஸ்ட்டுங்க டைம்ஷேரே வேண்டாம் சாமினு சொல்லிருவாங்க. மொண்டானாவுல ஒருத்தர் "உங்க டைம்ஷேர எங்களுக்கு தானமா குடுங்க, பெரிய கழிவு வாங்கித் தர்றோம்"னு கடை விரிச்சு, விலைய ஏத்தி மதிப்பு போட்டு, கடைசியில அரசாங்கம் கேஸ் போட்டு 80 லட்சம் டாலருக்கு மேல அபராதம், 2023-ல அப்பீல் கோர்ட்லயும் அது நின்னுருச்சு.

அதோட இங்க பெரும்பாலான பேர் தனித்தனியா கழிவு எழுதறதே இல்லைங்க. 2025-க்கு புருஷன் பொண்டாட்டி சேர்ந்து போட்டா, செலவு எதுவும் காட்டாமயே கிடைக்கற நிலையான கழிவே 31,500 டாலர், அத தாண்டற அளவுக்கு செலவு காட்டறவங்க கம்மி. மச்சான் யாரோ பார்ட்டியில சொன்னத கேட்டிருப்பாரு, விடுங்க.

கோத்தகிரி அக்கா:

நான் இந்தப் பக்கம் ஒரு ட்ரஸ்ட்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், வேற ட்ரஸ்ட். எங்களுக்கும் வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் காட்டேஜ், டைம்ஷேர் நாள் எல்லாம் குடுப்பாங்க. நாங்க ஏலம் விடறதுல்ல, டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க குடும்பத்த, வயசானவங்கள நேரா கூட்டிட்டுப் போய் தங்க வெப்போம். ஊட்டி கொடைக்கானல் பக்கத்துலயே இருந்தும் ஒரு தடவ கூட போகாத பாட்டிங்க இருக்காங்க அண்ணா, நம்ப மாட்டீங்க. போட்ல உக்காந்துட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாங்க ஒரு பாட்டி.

ரசீது விஷயத்துக்கு வர்றேன். தங்கற இடமா குடுத்தவங்களுக்கு நாங்க நன்றிக் கடிதம் மட்டும் தான் குடுப்போம், இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் இத்தன பேர் தங்கினாங்கனு எழுதி சீல் வெச்சு, தொகைனு எதுவும் போட மாட்டோம். மதிப்பு போட வேண்டியது எங்க வேலை இல்லனு எங்க ஆடிட்டர் கறாரா சொல்லிட்டாரு.

ஆனா கழிவு வேணும்னு நினைக்கறவங்களுக்கு ஒழுங்கான வழி ஒண்ணு இருக்கு அண்ணா. டைம்ஷேர்ல ரூம் மட்டும் தானே வருது, சாப்பாடு தனி. பத்துப் பேர் நாலு நாள் ரிசார்ட்ல சாப்பிட்டா பில் எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். வேன் வாடகை வேற. போன தடவ ஒருத்தர் சாப்பாட்டு பில்ல நேரா ரிசார்ட்லயே கார்டு தேய்ச்சு கட்டிட்டாரு, நல்ல மனசு தான், ஆனா அது அவர் ஹோட்டலுக்கு கட்டின பில், ட்ரஸ்ட்டுக்கு வந்த நன்கொடை இல்ல, எங்களால ரசீது குடுக்க முடியல. அதே தொகைய ட்ரஸ்ட் அக்கவுண்ட்டுக்கு அனுப்பியிருந்தா, நாங்க ரிசார்ட்டுக்கு கட்டியிருப்போம், அவருக்கு 80ஜி-யும் கிடைச்சிருக்கும். யுபிஐ, செக், டிரான்ஸ்பர் எதுனாலும் சரி, ரொக்கம்னா 2,000-க்கு மேல குடுத்தா செல்லாது. பான் நம்பரும் மறக்காம குடுங்க.

உங்க ட்ரஸ்ட்காரங்க கிட்ட திருத்தம் போடச் சொல்லுங்க. 10பிடி-ய ஏத்தினதுக்கு அப்புறமும் திருத்தம் ஏத்தலாம், பெரிய வேலை இல்ல. ஏத்தவே ஏத்தாம லேட் பண்ணினா தான் நாளைக்கு 200 ரூபா, அந்தப் பயத்துல நிறைய சின்ன ட்ரஸ்ட்டுங்க வந்த எல்லாத்தையும் அள்ளிப் போட்டு ஏத்திருவாங்க.

மூஞ்சிக்கல்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், மச்சானுக்கு லிங்க் அனுப்பியாச்சு, இன்னும் பதில் வரல! ஆடிட்டர் சார், ஒரே ஒரு சந்தேகம். வாரமா குடுத்ததால தானே கிடைக்கல, அடுத்த வருஷம் நானே அந்த வாரத்த யாருக்காவது 48,000-க்கு குடுத்துட்டு, அந்தப் பணத்த ட்ரஸ்ட்டுக்கு அனுப்பிட்டா அப்ப 80ஜி கிடைக்கும்ல?

சேரிங்கிராஸ் ஆடிட்டர்:

கிடைக்கும் சார், ஆனா உங்களுக்கு நஷ்டம். கணக்க பாருங்க. நீங்க வாங்கற 48,000 உங்க வருமானம் ஆகுது, ரிட்டர்ன்ல காட்டணும். அதுக்கு வரி 20.8% போட்டா 9,984. ட்ரஸ்ட்டுக்கு 48,000 அனுப்பினதுக்கு கழிவு பாதி தான், அதுல மிச்சமாகற வரி 4,992. ஆக மொத்தம் உங்க கையில இருந்து 4,992 ரூபா வரியா போகும். சந்தாவ அந்த வருமானத்துக்கு எதிரா செலவா காட்டலாமானு பேசலாம், அது வேற பஞ்சாயத்து.

இப்ப நீங்க பண்ணினதுல என்ன ஆச்சு? பணம் உங்க கைக்கு வரவே இல்ல, வருமானம் இல்ல, வரி இல்ல. 48,000-மும் முழுசா குழந்தைங்களுக்கு போச்சு, உங்களுக்கு அஞ்சு பைசா வரிச் செலவு இல்ல. கழிவு கிடைக்கலனு எல்லாரும் வருத்தப்படறாங்க, ஆனா வாரமா குடுக்கறது தான் பணமாக்கி குடுக்கறத விட உங்களுக்கு லாபம். அமெரிக்காவுல நன்கொடைக்கு முழுத் தொகையும் கழிவா வர்றதால அங்க தனித்தனியா கழிவு எழுதறவருக்கு ரெண்டும் சரிக்கு சரி ஆயிரும், நமக்கு 50%-ங்கறதால பாதி மாட்டிக்குது. 100% கழிவு உள்ள நிதிங்க தனியா இருக்கு, பிரதமர் நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி அந்த மாதிரி, ஆனா நீங்க குடுக்க நினைக்கறது அந்த ஸ்கூலுக்கு.

ஏரிக்கரை:

சரி ஆடிட்டர் சார், வாபஸ் வாங்கிக்கறேன். ஏலத்துல பணக்காரங்க மட்டும் தானே கை தூக்கறாங்க, அதுக்கு பதிலா 100 ரூபா டோக்கன் ஆயிரம் பேருக்கு வித்து குலுக்கல்ல ஒருத்தருக்கு அந்த வாரத்த குடுத்தா ஒரு லட்சம் வருமே?

சேரிங்கிராஸ் ஆடிட்டர்:

தம்பி, தமிழ்நாட்டுல 2003-ல இருந்தே லாட்டரிக்கு தடை. காசு வாங்கி டோக்கன் குடுத்து குலுக்கல்ல பரிசு குடுத்தா அது என்னனு போலீஸ்காரங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. ட்ரஸ்ட் பேரையும் கெடுத்துட்டு 80ஜி அனுமதியயும் சிக்கல்ல விடாதீங்க. ஏலமே போதும்.

ஃப்ரண்ட் ஆபீஸ்:

இவ்ளோ நேரம் வரியப் பத்தியே பேசறீங்க, ரிசார்ட் பக்கம் யாரும் பேசல, அதனால நான் வர்றேன். கொடைக்கானல்ல தான் வேலை பாக்கறேன், எந்த ரிசார்ட்னு கேக்காதீங்க.

சார், மெம்பர்ஷிப் எடுத்தப்ப கையெழுத்து போட்ட அந்த தடி புக்லெட்ட ஒரு தடவ எடுத்துப் பாருங்க. கெஸ்ட்ட அனுப்பலாம்னு எல்லா க்ளப்லயும் இருக்கும், ஆனா வியாபாரமா விக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாதுனு நிறைய க்ளப்ல போட்டிருப்பாங்க. நீங்களே 48,000-க்கு வித்தா அதுல மாட்டுவீங்க. ட்ரஸ்ட் ஏலத்துல போனதும் விக்கறது தானேனு யாராவது கிளப்பினா பேச்சு வளரும், அதனால முன்னாடியே மெம்பர் சர்வீஸுக்கு ஒரு மெயில் போட்டு, தர்ம காரியத்துக்கு குடுக்கறேன், இன்னார் கெஸ்ட்டா வர்றாருனு எழுதி வாங்கிருங்க. மெயில்ல பதில் வந்துட்டா டெஸ்க்ல யாரும் கேள்வி கேக்க மாட்டோம்.

கிறிஸ்துமஸ் வாரத்துல பாதிச் சண்டை வர்றது வேற ஒரு விஷயத்துக்கு. சந்தா பாக்கி இருந்தா புக்கிங்கே நிக்காது. கெஸ்ட் குடும்பத்தோட மலையேறி வந்து லக்கேஜோட நிப்பாரு, நாங்க சிஸ்டத்த பாத்து முழிப்போம். அந்தக் குளிர்ல குழந்தைங்கள வெச்சுக்கிட்டு லாபில உக்காந்திருக்கறவங்கள பாத்தா எங்களுக்கே கஷ்டமா இருக்கும். சந்தா கட்டின ரசீதோட கெஸ்ட் லெட்டரையும் மதுரைக்காரருக்கு இப்பவே அனுப்பிருங்க.

மூஞ்சிக்கல்காரன்:

மெயில் போட்டுட்டேன் தம்பி, சந்தாவும் கட்டியாச்சு. ட்ரஸ்ட்ல பேசினேன், 10பிடி திருத்தம் போடறேன்னு சொல்லிட்டாங்க, எனக்கு அக்கா சொன்ன மாதிரி தொகை இல்லாம கடிதம் போதும்னுட்டேன். ரிட்டர்ன்ல அந்தக் கழிவ எடுத்துட்டேன். அடுத்த வருஷம் ஏலம் வேண்டாம், குழந்தைங்களையே நாலு நாள் கூட்டிட்டு வாங்கனு சொல்லியிருக்கேன், சாப்பாட்டுக்கு நான் ட்ரஸ்ட் அக்கவுண்ட்டுக்கே அனுப்பிடறேன். மதுரைக்காரர் போன் பண்ணி, கொடைக்கானலுக்கு வண்டியில வர்றதுக்கு இ-பாஸ் நீங்க எடுத்துத் தருவீங்களானு கேக்கறாரு, இது யாரு எடுக்கணும்?

ஃப்ரண்ட் ஆபீஸ்:

அவரே எடுக்கணும் சார், 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு கட்டாயம், அரசு சைட்ல வண்டி நம்பர போட்டா காசு இல்லாமயே வந்துரும். அரசு பஸ்ல வந்தா தேவையே இல்ல. முக்கியமா ஒண்ணு, கெஸ்ட் லெட்டர்ல இருக்கற பேரும் அவர் கொண்டு வர்ற ஆதார்ல இருக்கற பேரும் ஒரே மாதிரி இருக்கணும், இனிஷியல் மாறினா கூட மேனேஜர கூப்பிட்டு உக்கார வெச்சிருவோம்.